வரிசையில் சேராத பிள்ளை

வின்சன்ட் நாவலப்பிட்டியில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில் பாதை பராமரிக்கும் வேலை. பள்ளிக் காலத்தில் வின்சன்ட் எண்ணூறு மீற்றர் ஓடினார். மாகாணப் போட்டி வரை போனார். அங்கே நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவனுக்கும் அவருக்கும் நடுவே அரை நொடிகூட இல்லை. ஆனால் பதக்கம் மூன்று பேருக்குத்தான். கலியாணமாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, நாற்பத்தாறு வயதான பிறகும், பேச்சு ஓட்டத்துப் பக்கம் திரும்பினால் அந்த அரை நொடியைச் சொல்லாமல் விடமாட்டார்.

மடுல்கெல்லைக்கு மேலே, பஸ் போகாத ஒரு தோட்டத்துப் பாடசாலையில் அவர் பதினான்கு வருடமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தார். கணிதமும் விளையாட்டும் அவர் பொறுப்பு. கழுத்தில் எப்போதும் ஸ்டொப் வொட்ச் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுகூட அதைக் கழற்ற மறந்துபோவார். மனைவி இராஜகுமாரிதான் கோயில் வாசலில் வைத்துக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள்.

பாடசாலைகளில் மண்சரிவு, தீ போன்றவற்றுக்கு அனர்த்தப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது அதிபர் நவரட்ணராஜா அதை நேரே வின்சன்டின் மேசையில் கொண்டுவந்து வைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.

"ஓடிப் பழகின ஆள் நீங்கள்தான். இதையும் நீங்களே பாருங்கோ."

மற்றப் பாடசாலைகளில் அது கோப்பில் கிடந்திருக்கும். வின்சன்ட் அப்படி விடவில்லை. மேல் கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு மாடி உயரத்துக்குச் செம்மண் மேடு செங்குத்தாக நின்றது. அதன் உச்சியில் தேயிலை. மழைக் காலத்தில் மேட்டிலிருந்து தண்ணீர் கசியும். அவர் போத்தலை வெட்டி அளவுகோல் ஒட்டி மழைமானி செய்தார். அப்பாவின் பழைய ஆட்களிடம் கேட்டு ஒரு தண்டவாளத் துண்டு வாங்கிவந்து அபாய மணியாகத் தொங்கவிட்டார். சுவரில் அம்புக்குறிகள் வரைந்தார். மேல் கட்டடத்திலிருந்து கீழே போக நாற்பத்தொரு படிகள், அதுவும் ஒரு ஆள் அகலம். படி முடிந்து சாலையைக் கடந்தால் கொழுந்து நிறுக்கும் மடுவமும் அதையொட்டிய மைதானமும். எல்லாரும் அங்கே கூட வேண்டும். அங்கே தலை எண்ண வேண்டும். அதுதான் திட்டம்.

முதல் பயிற்சியில் கடைசிப் பிள்ளை மைதானத்துக்கு வந்துசேர எட்டு நிமிடம் இருபது நொடி ஆனது. காரணம் ஷாமலா.

ஷாமலா நான்காம் வகுப்பு. வயது பத்து. பிறவியிலிருந்தே இரண்டு கால்களிலும் பலமில்லை. தாய் அந்தோனியம்மா கொழுந்து பறிப்பவள். புருசன் கொழும்புக்குப் போனவன் திரும்பவில்லை. தினமும் காலையில் மகளை முதுகில் சுமந்து வந்து வகுப்பில் இருத்திவிட்டு அப்படியே மலைக்குப் போவாள். மத்தியானம் வந்து தூக்கிப் போவாள். பிள்ளைக்குக் காலில் இல்லாதது எல்லாம் நாக்கில் இருந்தது.

"சேர், நீங்க நாலாவதா வந்த கதைய மூணு தடவ சொல்லிட்டீங்க," என்றாள் ஒருநாள். "நாலாவது தடவயும் சொன்னா பதக்கம் தருவாங்களா?"

வகுப்பே சிரித்தது. வின்சன்டும் சிரித்துவிட்டார்.

முதல் பயிற்சியில் அந்தப் பிள்ளையை இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்த கதிரையோடு தூக்கிப் படியில் இறங்க, பின்னால் வந்த வரிசை முழுவதும் அடைபட்டு நின்றது. அடுத்த தடவை அவளைக் கடைசியாகத் தூக்கிவந்தார்கள். அப்போதும் ஏழு நிமிடத்துக்குக் கீழே வரவில்லை.

அந்த நேரத்தில்தான் போட்டி அறிவிப்பு வந்தது. கல்வி வலயத்திலேயே மிகச் சிறந்த பாதுகாப்பு ஆயத்தமுள்ள பாடசாலைக்குக் கேடயம். அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். மணி அடித்ததிலிருந்து கடைசித் தலை எண்ணி முடியும் வரை நான்கு நிமிடத்துக்குள் இருந்தால் முழுப் புள்ளி.

நவரட்ணராஜா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "அந்தப் பிள்ளையை வைச்சுக்கொண்டு நாலு நிமிசம் ஏலாது. நடுவர் வாற அண்டைக்குத் தாய்காரியிட்டைச் சொல்லி வீட்டிலை நிப்பாட்டுங்கோ."

"அது ஒரு நாள் சேர். அதுக்கு முன்னால பழக்கணுமே. வாராவாரம் செய்யணும்."

"பழகிற நேரம் வகுப்பிலையே இருக்கட்டும். ஆருக்கு என்ன நட்டம்?"

வின்சன்ட் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் திட்டத் தாளை மறுபடி எழுதினார். நான்காம் வகுப்புக்கு நேரே இருபத்து மூன்று என்று இருந்ததை இருபத்திரண்டு ஆக்கினார். மொத்தம் நூற்று அறுபத்து மூன்று.

நான்காம் வகுப்பு ஆசிரியை பிரியாந்தினிதான் அதைக் கவனித்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். "சேர், ஷாமலாட பேரே இதுல இல்லையே?"

"பழக்கத்துக்கு மட்டும்தான் டீச்சர்."

"நெசமா ஏதாவது நடந்தா?"

"நெசமா நடந்தா நானே தூக்கிட்டு வருவேன். இதுக்குப் பேப்பர் எதுக்கு?"

"பேப்பர்ல இல்லாதது அந்த நேரத்துல ஞாபகம் வராது சேர்," என்றாள் அவள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஷாமலாவிடமும் அவரேதான் சொன்னார். அடுத்தவரிடம் விட்டுவிடவில்லை, அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர்.

"மணி அடிச்சா நீ ஒண்ணும் செய்ய வேணாம். சத்தம் போடக் கூடாது. மத்தவங்கள கூப்பிட்டு நிப்பாட்டக் கூடாது. எடத்துலயே உக்காந்திரு. முடிஞ்சதும் எல்லாரும் வந்துருவாங்க."

"நெசமாவே மண்ணு வந்தா சேர்?"

"நான் வந்து தூக்கிட்டுப் போவேன்."

"ஓடி வருவீங்களா?"

"ஓடித்தான் வருவேன்."

"அன்னைக்கும் நாலாவதா வந்துறாதீங்க," என்றாள் ஷாமலா.

பதினொரு செவ்வாய்க்கிழமை பயிற்சி நடந்தது. பதினொரு தடவையும் மணி அடித்ததும் இருபத்திரண்டு பிள்ளைகள் எழும்பி வரிசையாக ஓடின. ஒரு பிள்ளை இருந்த இடத்திலேயே இருந்தது. முதலில் சில பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. வின்சன்ட் அதட்டினார்: "திரும்பிப் பார்த்தா ஒரு நொடி போகும்!" ஐந்தாம் ஆறாம் வாரத்துக்குப் பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நடுவர்கள் வந்த அன்று அந்தோனியம்மா மகளோடு லயத்து வரிசை வீட்டிலேயே இருந்துகொண்டாள். நேரம் மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. கேடயம் அவர்களுக்குத்தான். கண்டியில் மேடையேறி அதை வாங்கும்போது வின்சன்டுக்குக் கண் கலங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக முதலாவதாக வந்திருந்தார்.

ஒக்டோபர் கடைசியில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. பிரியாந்தினி கிளினிக்குக்காகக் கண்டிக்குப் போயிருந்தாள். அவளுடைய வகுப்புக்கு ஆசிரியர் இல்லை. வகுப்புத் தலைவன் ஜீவன் பிள்ளைகளை வாசிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

பத்தரை மணிக்கு வின்சன்ட் குடையோடு போய் மழைமானியைப் பார்த்தார். போத்தல் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. மேட்டிலிருந்து வழக்கமாகத் தெளிந்து வரும் கசிவு அன்று தேநீர் நிறத்தில் கொப்பளித்தது. உச்சியில் இருந்த ஒரு தேயிலைத் தூர் பாடசாலைப் பக்கம் சரிந்திருந்தது. காலையில் அது நேராக நின்றதை அவர் பார்த்திருந்தார்.

அவர் அதிபரிடம் கேட்கவில்லை, யோசிக்கவுமில்லை. இரும்புத் தடியை எடுத்துத் தண்டவாளத் துண்டில் ஓங்கி அடித்தார். கைப்பழக்கத்தில் ஸ்டொப் வொட்சையும் அழுத்தினார்.

திட்டப்படி எண்ணுகிறவர் முதலில் மைதானத்தில் இருக்க வேண்டும். அவர் முதலில் ஓடினார். பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, அழுகை இல்லை. மழையில் தலையில் கைவைத்தபடி, பழக்கிய மாதிரியே, வகுப்பு வகுப்பாக.

"முதலாம் வகுப்பு, பதினெட்டு!"

"இரண்டாம் வகுப்பு, இருபது!"

"நாலாம் வகுப்பு, இருபத்திரண்டு சேர்!" என்று ஜீவன் கத்தினான். செவ்வாய்க்கிழமைகளில் கத்துகிற அதே குரல்.

நூற்று அறுபத்து மூன்று. வின்சன்ட் கையை உயர்த்தி நேரத்தை நிறுத்தினார். மூன்று நிமிடம் நாற்பத்தொரு நொடி. மழையில், பாசி பிடித்த படியில், இதுவரை இல்லாத நேரம். நவரட்ணராஜா அவர் தோளைத் தட்டினார். "கெட்டிக்காரன் ஐசே!" பிள்ளைகளை மடுவத்துத் தகரத்துக்குக் கீழே ஒதுக்கினார்கள். வின்சன்ட் போனை எடுத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: "எல்லோரும் வெளியே. 163/163. 3.41."

ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ போயிருக்கும். போன் அடித்தது. பிரியாந்தினி.

"சேர், ஷாமலாவ யாரு தூக்குனது?"

வின்சன்டுக்கு ஒரு கணம் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியபோது போன் கையிலிருந்து விழுந்தது. ஓடினார். சாலையைக் கடந்து படியில் ஏறினார். இருபதாவது படியா, இருபத்திரண்டாவது படியா, பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தும் அவருக்கு அது தெளியவில்லை. மேலே ஒரு பெரிய மூச்சு விடுவதுபோல் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மேடு கட்டடத்தின் மேல் உட்கார்ந்தது. மேல் கூரை ஒரு தகரம் மடங்குவதுபோல் மடங்கிப் படிப்பக்கம் சாய்ந்தது.

மணி அடித்ததிலிருந்து அதுவரை ஒன்பது நிமிடம் என்று பிறகு கணக்குப் பார்த்தார்கள். முதல் பயிற்சியில் ஷாமலாவையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் இறங்க எடுத்தது எட்டு நிமிடம் இருபது நொடி. அந்தக் கணக்கை வின்சன்ட் மட்டும் பார்த்தார்.

தோட்டத்து ஆண்கள் மண்வெட்டிகளோடு வந்தார்கள். மூன்று மணி நேரம் தோண்டினார்கள். பிள்ளை தன் இடத்திலேயே, மேசைக்கு முன்னால் இருந்தபடியே கிடைத்தாள். புத்தகப் பையை இரண்டு தோளிலும் மாட்டி, முன்பக்கப் பட்டியின் கொளுவியையும் போட்டிருந்தாள். தூக்க ஆள் வரும்போது ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது தாய் அவளுக்குப் பழக்கியது.

பின்னேரம் நவரட்ணராஜா வின்சன்டைக் கொழுந்து மடுவத்தின் ஒரு மூலைக்குக் கூட்டிப் போனார். இருவரும் சேற்றில் குளித்திருந்தார்கள்.

"வின்சன்ட், நான் சொல்லுறதைக் கேளுங்கோ. திட்டத்திலை பிள்ளையின்ரை பேர் இல்லையெண்டால் நீங்களும் நானும் துலைஞ்சம். நான் புதுத் தாள் எழுதுறன். விசேட தேவையுள்ள பிள்ளை, பொறுப்பு வின்சன்ட். நீங்கள் தூக்கப் போனனீங்கள். பிள்ளை பையை எடுக்க வேணுமெண்டு அடம் பிடிச்சது. அதுக்கிடையிலை மண் வந்திட்டுது. நீங்கள் படியிலை ஓடினதை எல்லாரும் கண்டவை. பை தோளிலை கிடந்ததையும் கண்டவை."

"சேர்..."

"நூற்று அறுபத்து மூண்டு பிள்ளையளைக் காப்பாத்தியிருக்கிறியள். அது பொய்யில்லைத்தானே?"

அது பொய்யில்லை. வின்சன்ட் கையெழுத்துப் போட்டார். அறிக்கையில் ஒரு வரி இப்படி அமைந்தது: "மாணவி அறிவுறுத்தலை மீறிப் புத்தகப் பையை எடுப்பதில் தாமதித்தமையே உயிரிழப்புக்குக் காரணம்."

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அந்தோனியம்மா அவர் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே குனிந்து அவர் காலைத் தொட்டாள். வின்சன்ட் பதறிப் பின்வாங்கினார்.

"எம்புள்ளைக்காக உசுரக் குடுக்கப் போனீங்களே சேர். நான்தான் பாவி. அந்தப் பைய வாங்கிக் குடுத்த அன்னைக்கே சொன்னேன், இத மட்டும் தொலைச்சுட்டு வந்தே, சோறு போட மாட்டேன்னு. அதுக்குப் பயந்துதானே அத எடுத்திருக்கா? என் வாய்தான் சேர் அவளக் கொன்னுருச்சு."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வின்சன்டுக்கு அது தெரிந்தது. இராஜகுமாரி பக்கத்தில் நின்றாள், பிள்ளைகளைக் காப்பாற்றியவர் என்று பத்திரிகையில் வந்த அவர் படம் சுவரில் இருந்தது. "அப்படியெல்லாம் இல்ல அம்மா," என்று மட்டும் சொன்னார். அவள் அதை ஆறுதல் வார்த்தை என்றே எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு ஒரு வருடம் அந்தோனியம்மா அவர் கண்ணெதிரிலேயே வற்றிப்போனாள். பேசிக்கொண்டே இருக்கும் பெண், வாயை மூடிக்கொண்டாள். யாராவது பிள்ளையை ஏசினால் ஓடிப்போய் அவர்கள் வாயைப் பொத்துவாள். லயத்துச் சனங்கள் அவளைக் கண்டு ஒதுங்கத் தொடங்கினார்கள். பிரியாந்தினி பிரசவ விடுமுறை முடிந்து வேறு பாடசாலைக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டாள். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள், வின்சன்டிடம் மட்டும் சொல்லவில்லை.

அவரைப் பாடசாலை பாடசாலையாகக் கூப்பிட்டார்கள். அனுபவத்தைச் சொல்ல வேண்டும், ஆசிரியர்களைப் பழக்க வேண்டும். பல்லேகலவில் ஒரு மண்டபத்தில் நாற்பது பேருக்கு வகுப்பு நடந்தது. அக்குறணைப் பக்கத்திலிருந்து வந்த நுஸ்ஹா என்ற ஆசிரியை எழும்பிக் கேட்டாள்.

"சேர், எங்கட வகுப்புல நடக்க ஏலாத புள்ள ஒண்டு இரிக்கி. உங்கட பிளான்ல அப்பிடிப் புள்ளைக்கி என்ன செஞ்சீங்க?"

வின்சன்ட் தண்ணீர் குடித்தார். "பொறுப்புக்கு ஒருத்தர நியமிச்சிருந்தோம்," என்றார்.

"அப்பிடிச் செஞ்சும் அந்தப் புள்ள மௌத்தாப் பெய்த்தே."

"அது... பைய எடுக்க நின்னுருச்சு."

நுஸ்ஹா தலையசைத்தாள். குனிந்து எழுதிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். நாற்பது பேனாக்கள் ஒன்றாக ஓடுவதை வின்சன்ட் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது பாடசாலைகளில் இனி நாற்பது பிள்ளைகளிடம் பையைத் தொடாதே என்று சொல்வார்கள். தூக்குவதற்கு ஆள் வைக்க மாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அவர் சுகமில்லை என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அந்தோனியம்மாவின் லயத்துக்குப் போனார். அவள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கேடயம், இருபத்திரண்டு, பதினொரு செவ்வாய்க்கிழமை, தான் கொடுத்த வாக்கு, பிரியாந்தினியின் போன். ஒன்றையும் விடவில்லை.

அந்தோனியம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவ பைக்காக நிக்கல."

"இல்ல."

"நீங்க வருவீங்கன்னு உக்காந்திருந்தா."

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"ஒம்பது நிமிஷம்."

"அவ என்மேல பயந்து செத்தான்னு ஒரு வருஷம் நான் தின்ன சோறெல்லாம் மண்ணு. இப்ப அவ ஒங்கள நம்பிச் செத்தான்னு வந்து சொல்றீங்க. இது ரெண்டுல எத வச்சுக்கிட்டு நான் தூங்குறது? ஒங்க நெஞ்சு பாரம் எறங்கணும்னு வந்தீங்க. எறங்கிருச்சா?"

அவள் பிளந்த விறகைக் காலால் ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

"எங்கிட்ட சொன்னது பத்தாது. நாளைக்குக் காலையில பிரட்டுக்களத்துக்கு வாங்க. எம்புள்ள சொல்பேச்சுக் கேக்காதவன்னு ஊரே சொல்லுது. அவங்க எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

பிரட்டுக்களம் என்பது வேலைக்குப் போகுமுன் ஆட்கள் பேர் கொடுக்கக் கூடும் இடம். காலை ஆறரைக்கு வின்சன்ட் அங்கே போனார். நூற்றைம்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேரின் பிள்ளைகள் அன்று மணிச் சத்தம் கேட்டு ஓடியவை. கங்காணி ஸ்டீபன் பேர் கூப்பிடுவதை நிறுத்தி அவருக்கு இடம் கொடுத்தார். வின்சன்ட் ஓடுவதற்கு முன் நிற்பதுபோலக் கைகளைத் தொங்கவிட்டு நின்றார். முதல் நாள் சொன்னதையே சொன்னார். அறிக்கை பொய் என்றார். பிள்ளை சொன்னபடி கேட்டதால்தான் செத்தது என்றார்.

அடி விழும் என்று நினைத்தார். விழட்டும் என்றுதான் வந்திருந்தார்.

ஜீவனின் தகப்பன்தான் முதலில் வாய் திறந்தான்.

"சேர், நீங்க எதுக்கு இப்படி மனச வருத்திக்கிறீங்க? நீங்க மணி அடிக்கலைன்னா என் மகன் இன்னைக்கு இல்ல."

"ஆமாங்க," என்றாள் இன்னொருத்தி. "அந்தப் புள்ளைய தூக்கிட்டுப் படியில எறங்கியிருந்தா பின்னால வந்த எங்க புள்ளைங்க என்னாகியிருக்கும்?"

"நூத்து அறுவது பேர் முக்கியமா, ஒண்ணு முக்கியமா?"

"எப்படியும் அது கஷ்டப்பட்ட புள்ளதானே. ஆண்டவர் எடுத்துக்கிட்டாரு."

"அந்தோனியம்மா, நீ செய்யிறது சரியில்ல. எங்க புள்ளைங்களக் காப்பாத்துன மனுசன இப்படிக் கொண்டாந்து நிக்க வைக்கிறியே!"

வின்சன்ட் கையை உயர்த்தினார். "இல்ல, கேளுங்க, நேரம் இருந்துச்சு. எல்லாரையும் எறக்க நேரம் இருந்துச்சு..." என்று தொடங்கினார். குரல் எடுபடவில்லை. யாரோ அவர் தோளில் கைவைத்து, பரவாயில்லை சேர், போங்க சேர் என்று சாலைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். கங்காணி மறுபடி பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

அந்தோனியம்மா சனங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருவரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. தன் பேர் வந்தபோது அவள் குரல் கொடுக்கவில்லை. கூடையைத் தரையில் வைத்துவிட்டு லயத்துப் பக்கம் நடந்தாள். அடுத்த மாதம் பல்லேகலவில் ஒரு கார்மெண்ட் ஆலையில் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. திரும்பி வரவில்லை.

வின்சன்ட் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கொடுத்தார். கோப்பு முடிந்துவிட்டது, அதிபரும் ஓய்வு பெற்றுவிட்டார், இனி எதற்கு என்று அங்கே ஒருவர் அன்பாகவே கேட்டார். அவரைத் தண்டிக்க ஒருவரும் முன்வரவில்லை. ஆசிரியர்களைப் பழக்கும் வகுப்புகளுக்கு மட்டும் அவர் பிறகு போகவில்லை.

இப்போதும் அதே தோட்டத்தில்தான் படிப்பிக்கிறார். காலையில் அவர் சாலையில் நடந்து வந்தால் கொழுந்துக் கூடையோடு எதிரே வருகிற தாய்மார் ஒதுங்கி நின்று கும்பிடுகிறார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். எவ்வளவு பணிவான சேர் என்று அவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.